‘அப்பா, நான் மிகவும் களைத்துவிட்டேன்’: புத்தகம் போலப் பேசும் குழந்தையைத் திருத்தலாமா?

கேள்வி இதுதான். மகளுக்கு மூன்று வயது பத்து மாதம். ஆறு மாதமாக ராத்திரி படுக்கும் முன் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுகிறார் அப்பா. இப்போது அவள் புத்தகத்தில் வருகிற மாதிரியே பேசுகிறாள். மாடிப்படி ஏறி வந்து "அப்பா, நான் மிகவும் களைத்துவிட்டேன்" என்கிறாள். "கை கழுவிட்டு வா" என்றால் "அப்படியே ஆகட்டும்" என்று பதில். வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், அவள் முகம் சுண்டிப்போகிறது. போதாக்குறைக்கு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு யானைக்குட்டி இருப்பதாகச் சாதிக்கிறாள். பாட்டி, "இந்த வயசுலயே இவ்வளவு பொய்யா?" என்கிறார். வேறு புத்தகத்தை எடுத்தால் அழுகை, தினமும் அதே யானைக் கதைதான் வேண்டும். இனிமேல் பேச்சுத் தமிழுக்கு மாற்றி வாசிக்கலாமா, யானையை என்ன செய்வது, புதுப் புத்தகம் எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறார்.

கிளை நூலகம் ஒன்றில் 14 வருஷமாகச் சனிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். அதற்கு முன்னால் எல்.கே.ஜி. வகுப்பெடுத்தேன். அந்த அனுபவத்தையும், இதைப் பற்றிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். சுருக்கமான பதில்: மாற்றி வாசிக்க வேண்டாம், யானையை விரட்ட வேண்டாம், அதே புத்தகத்தையே வாசியுங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும்.

நம் எல்லாருக்கும் வாயில் ஒரு தமிழ், தாளில் ஒரு தமிழ். "வந்துட்டிருந்துச்சு" என்று பேசுகிறோம், "வந்துகொண்டிருந்தது" என்று எழுதுகிறோம். ஒரே மொழி இப்படி இரண்டாக நிற்பதை இரட்டை வழக்கு என்பார்கள். சார்ல்ஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959-இல் அரபி, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் நான்கையும் வைத்து இதை விளக்கி எழுதினார். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது தமிழை முதன்முதலாகச் சந்திப்பது ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில். அதுவும் எப்படி? எழுத்துக் கூட்டி வாசிக்கிற சிரமம் ஒரு பக்கம், வாசித்து முடித்தால் அது வீட்டில் யாரும் பேசாத தமிழாக இருக்கிற குழப்பம் இன்னொரு பக்கம். "ப-ட-ம், படம்" என்று படித்துவிடுகிற பிள்ளை, "சென்றுவிட்டனர்" என்ற இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதை வகுப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எழுத்து தெரிந்திருக்கும், காதுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்காது. உங்கள் மகள் அந்தச் சொற்களை உங்கள் மடியில் உட்கார்ந்து, படம் பார்த்துக்கொண்டு, பரீட்சை பயம் எதுவும் இல்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இதை நிறுத்தவா கேட்கிறீர்கள்?

அரபுக்காரர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. சின்னப் பிள்ளைக்கு எழுத்து அரபி புரியாது என்று நினைத்து, கதையைப் பேச்சு அரபிக்கு மாற்றிச் சொல்வது அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. டீனா ஃபைட்டல்சனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இஸ்ரேலில் உள்ள அரபு பாலர் வகுப்புகளில் ஐந்து மாதம், மாற்றாமல் எழுத்து அரபியிலேயே கதைகளை வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். முடிவு 1993-இல் வெளியானது. அப்படிக் கேட்ட பிள்ளைகள், கேட்காத வகுப்புப் பிள்ளைகளைவிடக் கதையைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் முன்னே நின்றார்கள், படத்தைப் பார்த்துத் தாங்களாகக் கதை சொல்வதிலும் முன்னே நின்றார்கள். தமிழ் வேறு, அரபி வேறு. ஆனாலும் நான் சனிக்கிழமைகளில் பார்ப்பது இதே கதைதான்.

அதற்காக வாசித்துக்கொண்டே போய்விடக் கூடாது. புத்தகத்தில் "நரி வாசலில் தயங்கியது" என்று இருந்தால் அப்படியே வாசியுங்கள். அப்புறம் ஒரு நொடி நிறுத்தி, "போலாமா வேணாமான்னு நிக்குது பாரு" என்று உங்கள் வீட்டுத் தமிழில் ஒரு வார்த்தை. அவ்வளவு போதும். அகராதி மாதிரி "தயங்குதல் என்றால்" என்று ஆரம்பித்தீர்களோ, பிள்ளை பக்கத்தைப் புரட்டிவிடும். நான் இந்தச் சொல்லுக்குக் கால்களைப் பயன்படுத்துவேன்: ஒரு காலைத் தூக்கி முன்னால் வைக்கப்போய், பின்னால் இழுத்துக்கொள்வேன். ஒரு வாரம் கழித்து, ஊசி போட்டுக்கொள்ள மருத்துவர் அறைக்குள் போக மறுத்த ஒரு பையன், "நான் தயங்குறேன்" என்று அறிவித்ததாக அவன் அம்மா வந்து சொன்னார். "பயமா இருக்கு" என்று சொல்லியிருந்தால் வழக்கமான பதில்தான் கிடைத்திருக்கும். தயங்குறேன் என்றதும் கம்பவுண்டரே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம்.

கவனித்தீர்களா, அவன் "தயங்குகிறேன்" என்று சொல்லவில்லை. புத்தகச் சொல்லை எடுத்துத் தன் பேச்சின் விகுதியைப் போட்டுக்கொண்டான். இதுதான் முக்கியம். புத்தகத் தமிழ் பேசும் பிள்ளைகள் வெறும் கிளிப்பிள்ளைகள் அல்ல. ஒரு சிறுமி, "நாய்க்குட்டி ஜம்ப் பண்ணியது" என்றாள். அந்த வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. "பண்ணிச்சு" என்பதற்குக் கதை சொல்லும்போது "பண்ணியது" என்று வரவேண்டும் என்ற விதியை அவளே கண்டுபிடித்து, ஆங்கிலச் சொல்லோடு ஒட்டிய வினைக்குப் போட்டிருக்கிறாள். அமெரிக்காவில் ஜீன் பெர்கோ 1958-இல் இதைத்தான் வேறு வகையில் காட்டினார். இல்லாத ஒரு பறவைக்கு ‘வக்’ என்று ஒரு பெயர் கற்பித்து, இரண்டு பறவைகள் படத்தைக் காட்டி, "இப்போது இரண்டு..." என்று நிறுத்தினார். அதற்கு முன் கேட்டிராத சொல்லுக்கும் பிள்ளைகள் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்த்தார்கள். மனப்பாடத்தால் அது வராது, விதி உள்ளே இறங்கியிருக்க வேண்டும்.

ஆக, "மிகவும் களைத்துவிட்டேன்" என்று அவள் வந்து நின்றால் திருத்தாதீர்கள். "களைச்சுட்டியா? வா, தண்ணி குடி" என்று உங்கள் தமிழில் பதில் சொல்லுங்கள். இரண்டு வடிவமும் அடுத்தடுத்துக் காதில் விழும். எந்த இடத்தில் எது என்பதைக் கொஞ்ச நாளில் அவளே பிரித்துக்கொள்வாள். நான் பார்த்தவரை பள்ளிக்கூடம் போய் நாலு கூட்டாளிகள் கிடைத்ததும் பேச்சு மற்றவர்கள் மாதிரி ஆகிவிடும், சொற்கள் மட்டும் தங்கிவிடும். விருந்தாளிகளிடம் கண்ணைக் காட்டிச் சிரிப்பை நிறுத்துங்கள். அதைவிட முக்கியம், "மாமாவுக்கு அந்த மாதிரி பேசிக் காட்டு" என்று நீங்கள் ஏவாமல் இருப்பது. சிரிப்பாவது போய்விடும். வேடிக்கைப் பொருளாக்கினால் அந்தத் தமிழையே விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு.

இடையில் ஒன்று. பிள்ளைகள் சண்டை விளையாட்டு விளையாடும்போது கவனியுங்கள்: "நில் அரக்கனே! உன்னை விடமாட்டேன்!" சாதாரணமாகப் பேசுகிற பிள்ளைகள்கூட நடிக்கும்போது இந்தத் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். 2007-இல் சுட்டி டிவி வந்ததிலிருந்து டப்பிங் தமிழும் இதில் சேர்ந்துகொண்டது, "நண்பர்களே, வாருங்கள் போகலாம்" என்று சுவரேறிக் குதிக்கிற தலைமுறையை நான் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு எழுத்துத் தமிழ் என்பது வேஷம் கட்டிக்கொள்ளும் துணி. ராஜாவாக வேண்டும் என்றால் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வது மாதிரி, "அப்படியே ஆகட்டும்" என்ற சொல்லையும் போட்டுக்கொள்கிறார்கள். உங்கள் மகள் கை கழுவப் போகும்போது யாராகப் போகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். மந்திரியாக இருக்கலாம்.

சொல் எப்படி ஒரு பிள்ளைக்குச் சொந்தமாகிறது என்று பார்ப்போம். சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் 1978-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள். பள்ளியில் சிற்றுண்டி நேரம். இரண்டு தட்டுகள், ஒன்று பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்த நிறம், இன்னொன்று பாசிப்பச்சை மாதிரி ஒரு நிறம். டீச்சர் போகிற போக்கில், தெரிந்த நிறத்தின் பெயரைச் சொல்லி, அந்தத் தட்டு வேண்டாம், ‘குரோமியம்’ தட்டைக் கொண்டுவா என்கிறார். பாடம் கிடையாது, விளக்கம் கிடையாது. பிள்ளை சரியான தட்டை எடுத்துவருகிறது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், பல பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஏதோ ஒரு நிறம் என்ற அளவிலாவது மனதில் ஒட்டியிருந்தது. ஆனால் அது முழுசாகப் பிடிபட வாரக்கணக்கில் ஆனது, சிலருக்கு அப்போதும் பிடிபடவில்லை. முதல் தடவை கேட்டதும் ஒரு கொக்கி மாட்டிக்கொள்கிறது. பிறகு அந்தக் கொக்கியில் பொருள் மெல்ல மெல்லச் சேர்கிறது.

எங்கள் நூலகத்துப் பையன் ஒருவனுக்கு அந்தக் கொக்கி ‘பொந்து’. மரப்பொந்தில் குடியிருக்கும் ஆந்தைக் கதை வாசித்தேன். அவன் குடியிருப்பது நாலாவது மாடி, மரப்பொந்தை அவன் எங்கே பார்த்தான்? அடுத்த வாரம் வந்து சுவரில் ஏசி குழாய் போகிற ஓட்டையைக் காட்டி, "பொந்து!" என்றான். சரி என்றேன். பிறகு மின்சாரப் பிளக்கின் துளை பொந்து. அப்பாவின் காது பொந்து. அம்மாவின் கைப்பை பொந்து. கைப்பையில்தான் நான் கொஞ்சம் யோசித்தேன். "பொந்துக்குள்ள யாராச்சும் குடியிருக்கணும்ல?" என்று கேட்டேன். அவன் பைக்குள் தன் டைனோசரைப் போட்டுவிட்டு, "இப்ப இருக்கு" என்றான். இதைத் தவறு என்பீர்களா? சொல்லின் எல்லையை அவன் தடவிப் பார்க்கிறான். எலிக்கு வளை, பாம்புக்குப் புற்று, பறவைக்குக் கூடு, புலிக்குக் குகை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்போது பொந்தின் எல்லை தானாகச் சுருங்கும்.

தமிழ் இந்த இடத்தில் ரொம்பத் தாராளம். யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், ஆந்தை அலறும், காகம் கரையும். இளசுகளுக்கும் அப்படித்தான்: கன்று, குட்டி, குஞ்சு, குருளை, பறழ். தொல்காப்பியத்து மரபியல் எடுத்த எடுப்பில் ஒன்பது இளமைப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் இவையெல்லாம் ‘மரபுச் சொற்கள்’ என்று, கோடிட்ட இடத்தை நிரப்பும் இரண்டு மதிப்பெண்ணாக வந்து சேரும். பத்து வயதுப் பிள்ளை அதை உருப்போடும். மூன்று வயதுப் பிள்ளை கதையில் கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? "தாத்தா பிளிறுறாரு" என்று ஓடிவந்து சொல்லும். தாத்தா மூக்குச் சிந்திக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே வராதா என்று கேட்பார்கள். கொஞ்சம்தான் வரும். சாப்பிடு, எழுந்திரு, அதைத் தொடாதே, செருப்பைப் போடு, நேரமாச்சு. நாள் முழுக்க நாம் பிள்ளையிடம் பேசுவதை எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஜெசிக்கா மான்டாக் குழுவினர் 2015-இல் நூறு படப்புத்தகங்களில் உள்ள சொற்களையும், பெற்றோர் குழந்தைகளோடு பேசியதன் பதிவுகளையும் அளவு சமமாக வைத்து ஒப்பிட்டார்கள். புத்தகங்களில்தான் வேறு வேறு சொற்கள் அதிகம். பக்கத்துக்கு இரண்டு வரி இருக்கிற புத்தகமாக இருந்தாலும், அதில் காடு வரும், கப்பல் வரும், பேராசை வரும், நன்றி கெட்ட முதலை வரும். நம் சமையலறையில் முதலைக்கு என்ன வேலை?

இப்போது தொட்டி யானைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் இரண்டு செய்திகள் தனித்தனியாக இருந்தன: தினமும் யானைக் கதை கேட்கிறாள், தொட்டியில் யானை இருக்கிறது என்கிறாள். உங்கள் வீட்டில் மோட்டார் போட்டதும் குழாயில் காற்று ஏறி, ‘ப்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வருமா என்று பாருங்கள். பல வீடுகளில் வரும். ‘பிளிறியது’ என்ற சொல் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு ஏற்ற சத்தம் மாடியிலிருந்து வருகிறது. சத்தம் இருந்தால் யானை இருக்க வேண்டுமே! இது என் ஊகம்தான். ஆனால் பிள்ளைகளின் கற்பனை பெரும்பாலும் இப்படித்தான், கையில் கிடைத்த சொல்லையும் கண்ணில் பட்ட பொருளையும் வைத்துக் கட்டுவது. சொல் ஒரு கணக்கு, கற்பனை ஒரு கணக்கு என்று இரண்டு கணக்கு கிடையாது. நமத்துப்போன அப்பளத்தைப் பார்த்து "அப்பளம் தூங்கிடுச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அவளுக்கு ‘நமத்துப்போச்சு’ என்ற சொல் இன்னும் கிடைக்கவில்லை, இருப்பதை வைத்துச் சமாளிக்கிறாள். அந்தச் சமாளிப்பைத்தான் பெரியவர்கள் கவிதை என்கிறோம். அப்பளத்துக்குச் சரியான சொல்லையும் கொடுங்கள், தூங்கிய அப்பளத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பொய் என்பது வேறு. தட்டை உடைத்துவிட்டு "நான் இல்லை" என்பது பொய், அதில் தப்பிக்கிற நோக்கம் இருக்கிறது. தொட்டி யானையால் உங்கள் மகளுக்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. அவளுக்கு அது விளையாட்டு என்று தெரியுமா என்றால், தெரியும், முழுசாக அல்ல. இங்கிலாந்தில் பால் ஹாரிஸ் குழுவினர் 1991-இல் நாலு வயது, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் காலிப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, உள்ளே ஒரு முயலோ பூதமோ இருப்பதாகப் பாவனை செய்யச் சொன்னார்கள். நிஜமாக இல்லை, சும்மா விளையாட்டுக்கு என்று பிள்ளைகள் தெளிவாகச் சொன்னார்கள். ஆய்வாளர் அறையை விட்டு வெளியே போனார். உடனே சில பிள்ளைகள் பெட்டியைத் தொட்டும் திறந்தும் பார்த்தார்கள், "ஒருவேளை இருந்தால்?" பூதப் பெட்டி கிடைத்த சின்னவர்களில் சிலர் அவரை வெளியே போகவே விடவில்லை. நாமும் பேய்ப்படம் பார்த்துவிட்டு ராத்திரி பாத்ரூம் விளக்கைப் போட்டுக்கொண்டுதானே போகிறோம்.

இல்லாத ஒன்றோடு பேசிப் பழகுவதும் அரிது இல்லை. அமெரிக்காவில் மார்ஜரி டெய்லர் குழுவினர் 2004-இல் எழுதியபடி, ஏழு வயதுக்குள் சுமார் 65 சதவீதப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் துணை இருந்திருக்கிறது, பொம்மைக்கு உயிர் கொடுத்து உறவாடுவதையும் சேர்த்து.

பாட்டியிடம் இதைச் சண்டையாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆனால் சிரித்துக்கொண்டே ஒன்றை நினைவுபடுத்தலாம். நிலாவில் ஒரு பாட்டி வடை சுடுகிறாள் என்று உங்களுக்குச் சோறூட்டியது யார்? சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வந்து பிடித்துக்கொண்டு போவான் என்றது யார்? நாம் பூச்சாண்டியை வைத்துக்கொள்ளலாம், பிள்ளை யானையை வைத்துக்கொள்ளக் கூடாதா? பூச்சாண்டியாவது பயமுறுத்துகிறவன். யானை பாவம், தொட்டியில் சும்மா கிடக்கிறது. என்னைக் கேட்டால் பாட்டியைத்தான் இதில் இழுத்துவிட வேண்டும். "யானைக்குட்டி ராத்திரி என்ன சாப்பிடும்னு பாட்டிகிட்ட கேளு" என்று அனுப்புங்கள். பாட்டிகளிடம் இருக்கிற சொற்கள் எந்தப் படப்புத்தகத்திலும் கிடையாது: குதிர், உறி, மடை, வரப்பு, அரிக்கேன் விளக்கு. பாட்டி சொல்ல, பிள்ளை ‘ம்’ கொட்டிக் கேட்க, கதை பேச்சுத் தமிழில் ஓடும். உங்கள் கட்டிலில் எழுத்துத் தமிழ், பாட்டி பாயில் பேச்சுத் தமிழ். இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

நீங்கள் "ஆமாம், யானை இருக்கு" என்று சத்தியம் செய்யவும் வேண்டாம், "இல்லவே இல்லை" என்று வாதாடவும் வேண்டாம். கேள்வி கேளுங்கள். எவ்வளவு பெருசு? தும்பிக்கை வெளியே வருமா? குளிக்கிற தண்ணி அது குளிச்ச தண்ணியா? அவள் பதிலில் புதுப் புதுச் சொற்கள் வந்து விழும். "நிஜமாவா, கதையா?" என்று அவளே கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள், "கதைதான், நல்லா இருக்கு" என்று. ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும்: மாடிக் கதவுக்குப் பூட்டு. யானையைப் பார்க்கிறேன் என்று தனியாக ஏறிவிடக் கூடாது. ஏணியையும் படுக்கப் போட்டுவிடுங்கள்.

அதே புத்தகம் பற்றி. உங்களுக்குச் சலிக்கும், தெரியும். நானே ஒரு முயல் கதையை இருநூறு தடவையாவது வாசித்திருப்பேன். ஆனால் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹோர்ஸ்ட் குழுவினர் 2011-இல் வெளியிட்டது இது: மூன்று வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பவும், இன்னொரு பிரிவுக்கு வேறு வேறு கதைகளையும் வாசித்தார்கள். புதுச் சொற்களை இரு பிரிவும் சம எண்ணிக்கையில் கேட்டன. ஒரே கதையைக் கேட்டவர்களுக்குத்தான் சொற்கள் நன்றாகப் பதிந்தன. முதல் தடவை பிள்ளை கதை எங்கே போகிறது என்று பார்க்கிறது. அது தெரிந்துவிட்ட பிறகுதான் சொல்லைக் கவனிக்க அதற்கு ஒழிகிறது. நீங்கள் சலிப்பில் ஒரு வரியைத் தாண்டினால் அவள் பிடித்துவிடுகிறாளா? அப்படியானால் புத்தகம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. புதுப் புத்தகம் நுழைய வேண்டுமென்றால், பழையதைப் பிடுங்காமல், "முதல்ல இது ஒண்ணு, அப்புறம் உன் யானை" என்று வரிசை போடுங்கள். யானை வருகிற வேறு கதையாக இருந்தால் இன்னும் சுலபம்.

வாசிக்கிற முறையில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வேன். "இது என்ன? இது என்ன கலர்? இது எத்தனை?" என்ற விசாரணை. நர்சரி அட்மிஷன் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும். பதிலாக, "அய்யோ, இப்ப அது என்ன பண்ணப் போவுது?" என்று கேட்டு நிறுத்துங்கள். அவள் அரை வாக்கியம் சொன்னால் நீங்கள் அதை முழு வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுங்கள். குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988-இல் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைத்தான் பழக்கினார். வழக்கம்போல வாசித்த வீடுகளோடு ஒப்பிட, ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சில் வித்தியாசம் தெரிந்தது. பெரிய வித்தை எதுவும் இல்லை, பிள்ளையைக் கதை சொல்லியாகவும் தன்னைக் கேட்பவராகவும் ஆக்கிக்கொள்வதுதான்.

புத்தகங்கள்: பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறையவே இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்தும் இருக்கிறார்கள். ஆனால் இந்த வயதுக்குத் தாளில் வாசிப்பதுதான் என் விருப்பம், பக்கத்தைப் புரட்டுகிற வேலை பிள்ளையுடையதாக இருக்கும். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் மலிவு. சென்னையின் தூலிகா, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வருகிற படப்புத்தகங்கள் போடுகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பகுதி அருமையாக இருக்கிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் ஓர் அலமாரியாவது இருக்கும், பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எதை வாங்குவது என்பதற்கு என்னிடம் ஒரே சோதனைதான். கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். "அவன் ஒரு மகிழ்ச்சியான முயலாக இருந்தான்" என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். அது மொழிபெயர்ப்பின் சிக்கல், எழுத்துத் தமிழின் குற்றமில்லை. நல்ல எழுத்துத் தமிழ் நாக்கில் உருளும். கடைசிப் பக்கத்தில் ‘நீதி’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தால் நான் வாசிப்பதே இல்லை, புத்தகத்தை மூடிவிடுவேன். இதுவரை எந்தப் பிள்ளையும் நீதி எங்கே என்று கேட்டதில்லை.

கவலைப்பட வேண்டிய நேரம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது முடிந்தும் "பால் வேணும்", "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றாலோ, புத்தக வரிகளை இடம் பொருள் இல்லாமல் ஒப்பித்துக்கொண்டே இருந்து, தனக்கு வேண்டியதைக் கேட்கவோ கூப்பிட்டால் திரும்பவோ இல்லை என்றாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பல மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளிலேயே ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. உங்கள் மகள் களைத்துப்போனபோதுதான் களைத்துவிட்டேன் என்கிறாள். அவளுக்கு இது எதுவும் பொருந்தாது.

அடுத்த தடவை தொட்டி கழுவ ஆள் வரும்போது அவளையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கையை இறுகப் பிடித்துக்கொண்டு. தூக்கிக் காட்டுங்கள். தொட்டி காலியாக இருக்கும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். யானை எங்கே போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று அவளே சொல்வாள், அநேகமாக "சென்றுவிட்டது" என்று.